மருத்துவரின் மேற்பார்வையில்: பிசிஷியன் அசிஸ்டென்ட் பயிற்சியும் பணியும்

பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பவர் மருத்துவக் கல்வியின் வழியிலேயே பயிற்சி பெற்று, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், அவர் ஒப்படைக்கும் மருத்துவப் பணிகளைச் செய்பவர். நோய் வந்த கதையை நோயாளியிடம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுவது, உடலைப் பரிசோதிப்பது, ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எக்ஸ்ரேயையும் பார்த்துக் கவலைக்குரியதை உடனே மருத்துவரிடம் கொண்டுபோவது, ரவுண்ட்ஸ் நேரத்தில் நோயாளியின் நிலையைச் சுருக்கிச் சொல்வது, காயத்துக்குத் தையல் போடுவது, அறுவை அரங்கில் முதல் உதவியாளராக நிற்பது, வீடு திரும்புபவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது எல்லாம் இப்பணியில் அடங்கும். வார்டுகளில் இவரைச் சுருக்கமாகப் பி.ஏ. என்பார்கள். இந்த வேலைகளில் எதுவும் அவருக்குத் தனியுரிமையாக வந்ததல்ல; மருத்துவர் ஒப்படைத்ததால் வந்தது. ஒப்படைத்த மருத்துவரும் அதன் பொறுப்பிலிருந்து விலகிவிடுவதில்லை. இத்தொழிலைப் பற்றி இந்தியாவிலும் பிரிட்டனிலும் நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த ஓரிடத்தைச் சுற்றியே நடக்கின்றன.

செவிலியரிடமிருந்து இவர் வேறுபடுவது அந்தஸ்தில் அல்ல, பணியின் போக்கில். செவிலியர் நோயாளியின் பராமரிப்புக்கு ஷிப்ட் முறையில் முழுநேரமும் பொறுப்பானவர். அவருக்கென்று தனிக் கல்வி மரபும் கவுன்சிலும் உண்டு. டயாலிசிஸ் டெக்னீஷியன், எக்ஸ்ரே டெக்னீஷியன் போன்றோர் ஒரு கருவியையோ ஒரு சோதனையையோ சார்ந்தவர்கள். பி.ஏ. சார்ந்திருப்பது மருத்துவரை. இதயப் பிரிவில் இருந்தால் இதய மருத்துவர் பார்க்கும் எதையும் அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். பெரிய மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜனும் பட்டமேற்படிப்பு மாணவரும் செய்யும் வேலையோடு இவருடைய வேலை பல இடங்களில் ஒன்றாகிவிடுகிறது. ஒரு வேறுபாடு உண்டு: மாணவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் போய்விடுவார், பி.ஏ. அதே பிரிவில் தங்குவார். இன்ன பேராசிரியர் எந்தத் தையலை விரும்புவார், வடிகுழாயை எந்த நாளில் எடுப்பார் என்பது அவருக்கு மனப்பாடம்.

மருத்துவருக்குக் கீழே இப்படி ஒரு படியை வைப்பது இந்தியாவுக்குப் புதிதல்ல. 1835 பிப்ரவரியில் ஆளுநர் ஃபிரெடரிக் ஆடம் காலத்தில் சென்னையில் திறக்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் நோக்கம் முழு மருத்துவர்களை உருவாக்குவதாக இருக்கவில்லை. படைக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டிய உதவி மருத்துவப் பணியாளர்களைப் பயிற்றுவிப்பதாகவே இருந்தது. அந்தப் பள்ளிதான் 1850இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இலங்கையில் இதே படி 'அப்போதிக்கரி' என்ற பெயரில் வேரூன்றி, பின்னால் உதவி மருத்துவ அதிகாரி என்று மாறியது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் எஸ்டேட் மருத்துவ உதவியாளரே நெடுங்காலம் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கைக்கெட்டிய ஒரே மருத்துவ ஆள். இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அந்த இடத்தை எல்.எம்.பி. எனப்படும் லைசென்ஷியேட்டுகள் நிரப்பினார்கள். சென்னை ராயபுரத்திலும் புணேயின் பி.ஜே. மருத்துவப் பள்ளியிலும் படித்து வெளிவந்தவர்கள் அவர்கள். 1946இல் சுகாதாரத் துறையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை வந்தபோது நாட்டில் பதிவு பெற்றிருந்த ஏறக்குறைய 47,500 மருத்துவர்களில் 30,000 பேர் அளவுக்கு லைசென்ஷியேட்டுகளே. இனி ஒரே தரத்தில் மருத்துவப் பட்டதாரிகள் மட்டும் போதும் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. அந்த முடிவு கல்வித்தரத்தைக் காத்தது. கிராமத்துக்குப் போகத் தயாராக இருந்த ஆட்களின் ஊற்றையும் அதுவே அடைத்தது. குழுவுக்குள்ளேயே அதற்கு மாற்றுக் கருத்து எழுதியவர்கள் இருந்தார்கள்.

ராணுவம் மட்டும் அந்தப் படியை எப்போதும் விடவில்லை. புணேக்குத் தென்மேற்கே, அணையின் கரையில் அமைந்த கடக்வாஸ்லா இதைக் காண நல்ல இடம். தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு 1949 அக்டோபர் 6 அன்று ஜவஹர்லால் நேரு இங்கே அடிக்கல் நாட்டினார். 1955 ஜனவரியில் அது முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. பதின்ம வயதின் இறுதியில் வரும் பயிற்சி வீரர்களுக்கு ஓட்டம், நீச்சல், குதிரையேற்றம், குத்துச்சண்டை எல்லாம் பாடம். அதனால் சுளுக்கும் எலும்பு முறிவும் வெப்பத் தாக்கமும் அன்றாடம். ராணுவ மருத்துவமனை ஒன்று இங்கேயே இயங்குகிறது. நாட்டின் எந்தப் படைப்பிரிவையும் போல, இங்கும் அதிகாரி நிலை மருத்துவருக்கு அடுத்து நிற்பவர் ராணுவ மருத்துவப் படையின் நர்சிங் அசிஸ்டென்ட். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துப் படையில் சேர்ந்து, மருத்துவப் படையின் பயிற்சி மையத்தில் கற்றவர். காலையில் எம்.ஐ. ரூம் எனப்படும் மருத்துவப் பரிசோதனை அறையில் வரிசையாக வரும் வீரர்களில் யாருக்குக் களிம்பு போதும், யாரை மருத்துவர் இப்போதே பார்க்க வேண்டும் என்று முதலில் பிரிப்பது அவர் கண்தான். எல்லைப்புறத்தில் ரெஜிமென்ட் மருத்துவர் ஒருவர் பல முகாம்களுக்குப் பொறுப்பாக இருக்கும்போது, காயம்பட்டவனின் ரத்தப் பெருக்கை நிறுத்துவதும், சலைன் ஏற்றுவதும், அவனை அடுத்த நிலையத்துக்கு அனுப்புவதும் இவர் கையில் இருக்கிறது. இப்படிப் பல ஆண்டுகள் பணி செய்து ஓய்வு பெறும் ஒருவரைச் சிவில் மருத்துவமனை எந்த இடத்தில் வைப்பது?

இந்தக் கேள்வியிலிருந்துதான் நவீன பிசிஷியன் அசிஸ்டென்ட் தொழில் பிறந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பல்கலைக்கழக மருத்துவத் துறைத் தலைவராக இருந்த ஈஜீன் ஸ்டெட், முதலில் அனுபவமுள்ள செவிலியர்களுக்கு மேற்பயிற்சி தரவே முயன்றார். செவிலியர் கல்வியை மதிப்பிடும் அமைப்பு அதற்கு அங்கீகாரம் தர மறுத்தது. பிறகு அவர் பார்வை கடற்படையிலிருந்து வெளியே வந்த மருத்துவப் பணியாளர்கள் மீது விழுந்தது. 1965இல் அப்படிப்பட்ட நால்வரோடு இரண்டாண்டுப் பயிற்சி தொடங்கியது. 1967 அக்டோபர் 6 அன்று மூவர் படிப்பை முடித்து வெளியேறினார்கள். அதே ஆண்டில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் இதய அறுவை மருத்துவர் ஜான் கர்க்ளின் இருந்த பல்கலைக்கழகத்திலும் அறுவைக்கென்றே தனி உதவியாளர் படிப்பு வந்தது. இன்று அமெரிக்காவில் இது பட்டப்படிப்புக்குப் பிந்தைய முதுநிலைப் படிப்பு. ஏறக்குறைய 27 மாதங்கள். அதில் சுமார் 2,000 மணி நேரம் நோயாளிகளோடு. முடித்தபின் தேசிய அளவில் ஒரு தேர்வு, இரண்டாண்டுக்கு ஒருமுறை 100 மணி நேரத் தொடர்கல்வி, பத்தாண்டுக்கு ஒருமுறை மறுசான்று.

இந்தியாவில் இது வந்தது சென்னை வழியாக. 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நாட்டின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையைச் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். அவர் பர்மிங்ஹாமில் கர்க்ளினிடமும் ஆரெகனில் ஆல்பர்ட் ஸ்டாரிடமும் பயின்றவர். 1987இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனை உருவாக்கி, 1992இல் அங்கே இந்தியாவின் முதல் பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பைத் தொடங்கினார். காரணம் நடைமுறை சார்ந்தது. இதய அறுவைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது; ஒவ்வொரு மேசைக்கும் திறமையான இரண்டாவது கை வேண்டும்; அறுவைப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் அந்த அளவுக்கு இல்லை. செரியன் 2025 ஜனவரியில் மறைந்தார். அவர் தொடங்கிய பாதையில் பின்னால் பல மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் நடந்தன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டமாகப் பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் இன்று அரசுக் கல்லூரிகளிலும் சொல்லித்தரப்படுகிறது. கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வில், பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில், மாணவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒரு வேறுபாட்டை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்கா ரத்தத்தையும் காயத்தையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு வந்தவரை வகுப்பறையில் உட்கார வைத்தது. இந்தியா பதினேழு வயதில் பள்ளியை முடித்தவரை உட்கார வைத்தது. அங்கே வந்தவரிடம் கை இருந்தது, பாடம் தேவைப்பட்டது. இங்கே இரண்டும் சேர்த்துத் தர வேண்டியிருக்கிறது. இந்தியப் படிப்பின் பலமும் பலவீனமும் பெரும்பாலும் இந்த ஒரு தொடக்கத்திலிருந்தே கிளைக்கின்றன.

பட்டப்படிப்பின் வழக்கமான அமைப்பு மூன்றாண்டு வகுப்பும் ஓராண்டு கட்டாய உள்ளகப் பயிற்சியும். முதலில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், நுண்ணுயிரியல், மருந்தியல். அடுத்துப் பொது மருத்துவம், பொது அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், எலும்பியல். பிறகு இதயம், சிறுநீரகம், நரம்பு, அவசர சிகிச்சை போன்ற சிறப்புத் துறைகள். எம்.பி.பி.எஸ். பாடத்தின் சுருக்கம் என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. சுருக்கம் என்பது உண்மைதான், அதில் குறையொன்றுமில்லை. குறை இருக்கும் இடம் வேறு. உள்ளகப் பயிற்சி ஆண்டில் மாணவர் எத்தனை நோயாளிகளை மருத்துவர் முன்னிலையில் பரிசோதித்தார், எத்தனை முறை தன் கண்டுபிடிப்பை மருத்துவரின் கண்டுபிடிப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டார் என்பதே அவருடைய தரத்தைத் தீர்மானிக்கிறது. அந்த ஆண்டைக் கோப்பு எழுதுவதிலும் லேப் ரிப்போர்ட் வாங்கி வருவதிலும் கழிக்க விடும் மருத்துவமனை, பட்டத்தைத் தருகிறது, ஆளைத் தருவதில்லை. படுக்கை எண்ணிக்கை அதிகமுள்ள, பயிற்றுவிக்க நேரம் ஒதுக்கும் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியைத் தேடிச் சேர்வதே மாணவருக்கு நல்லது.

அறுவை அரங்கில் இவர் வேலையை மிகத் தெளிவாகக் காண முடிவது பைபாஸின்போது. முதன்மை அறுவை மருத்துவர் மார்பெலும்பைத் திறந்து, நெஞ்சுச் சுவரின் உட்பக்கத் தமனியைப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், மேசையின் கீழ்ப்பகுதியில் பி.ஏ. காலில் வேலை செய்கிறார். கணுக்காலின் உட்புற எலும்புக்கு முன்னால் தோலைத் திறந்தால் பெரிய சஃபீனஸ் சிரை தெரியும். அங்கிருந்து மேல்நோக்கி, எத்தனை ஒட்டு தேவையோ அந்த நீளத்துக்கு, அதைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து விடுவிக்க வேண்டும். வழியில் வரும் ஒவ்வொரு கிளையையும் கட்டியோ கிளிப் போட்டோ அடைக்க வேண்டும். கிளையைச் சிரையோடு மிக ஒட்டிக் கட்டினால் குழாய் அந்த இடத்தில் சுருங்கிவிடும், மிகத் தள்ளிக் கட்டினால் பை போன்ற ஒரு மீதி நிற்கும். கருவியால் சிரையை நேரடியாகப் பிடித்து இழுத்தால் அதன் மெல்லிய உள்படலம் சேதமாகி, ஒட்டு சில மாதங்களில் அடைத்துக்கொள்ள வழியுண்டு. எடுத்த சிரைக்குள் ஹெப்பாரின் கலந்த திரவத்தை மெதுவாகச் செலுத்திக் கசிவு பார்க்கிறார்கள். சிரையில் வால்வுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் இதயத்தில் பொருத்த முடியும். எந்த முனை எது என்று அடையாளம் வைப்பதும் இவர் பொறுப்பு. மருத்துவர் ஒட்டுப் போடத் தயாராகும்போது சிரை தயாராக இருக்க வேண்டும். இவர் தாமதித்தால் நோயாளி இதய நுரையீரல் இயந்திரத்தில் இருக்கும் நேரம் நீளும். இந்தத் திறமை நூறு கால்களில் வேலை செய்தபின் வருவது. மூன்று ஆண்டு தங்கிப் போகும் மாணவரை விடப் பத்தாண்டு நிற்கும் பி.ஏ. இதில் தேர்ந்தவராக இருப்பதில் வியப்பில்லை.

ஐ.சி.யூ.வில் இவர் என்ன செய்ய முடியும் என்பதற்குக் கடக்வாஸ்லாவே அண்மையில் ஒரு சூழலைக் காட்டியது. 2025 ஜனவரியில் சிங்ககட் சாலையை ஒட்டிய நாந்தேட், கிர்கட்வாடி, தாயரி, கடக்வாஸ்லா பகுதிகளில் கில்லன்-பாரே நோய்க்குறி (ஜி.பி.எஸ்.) கொத்தாகத் தோன்றியது. அண்மை ஆண்டுகளில் புணே மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட இந்தக் கிராமங்களில் குடிநீர் வசதி குடியிருப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. சந்தேகம் நீரின் மீதே முதலில் விழுந்தது. நோயாளிகள் சிலரின் மல மாதிரிகளில் கேம்பிலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இருப்பதைப் புணேயின் தேசிய வைராலஜி நிறுவனம் கண்டது. வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாள் கழித்து, உடலின் எதிர்ப்பு சக்தி தன் நரம்புகளையே தாக்குவதால் வரும் நோய் இது. வழக்கமாக லட்சம் பேரில் ஓரிருவருக்கு ஆண்டில் வரும் இந்நோய், சில வாரங்களில் புணே வட்டாரத்தில் இருநூறைத் தாண்டியது.

ஜி.பி.எஸ். நோயாளியின் சிகிச்சையில் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முடிவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவரைக் கவனிக்கும் வேலை வாரக்கணக்கில் நீளும். தளர்ச்சி காலில் தொடங்கி மேலேறும். நான்கு வாரத்துக்குள் அது உச்சத்தை அடையும். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். சிக்கல் என்னவென்றால், மூச்சுத் தசை தளர்வது வெளிப்பார்வைக்குத் தெரியாது. நோயாளி அமைதியாகப் படுத்திருப்பார், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 97 என்று காட்டும், அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு நின்றுவிடலாம். அதனால் சில மணி நேரத்துக்கொருமுறை ஒருவர் படுக்கையருகே வந்து அதே சோதனைகளை அதே வரிசையில் செய்ய வேண்டும். ஆழமாக மூச்சிழுத்து ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வது அதில் எளிமையானது. இருபதை எட்டாமல் நின்றால் எச்சரிக்கை. மராத்தி பேசும் நோயாளியை மராத்தியில் எண்ண விட வேண்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, இருமல் வலுவாக இருக்கிறதா, விழுங்க முடிகிறதா, கண் முழுமையாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பைரோமீட்டரில் மூச்சின் கொள்ளளவு கிலோவுக்கு 20 மில்லியை நெருங்கினால் வென்டிலேட்டருக்குத் தயாராக வேண்டும். நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் காரணமின்றி ஏறி இறங்கும். அதையும் பதிய வேண்டும்.

இந்நோய்க்கு ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்தின் கணக்கும் இப்படிக் கவனம் கேட்பதுதான். கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 கிராம் வீதம் ஐந்து நாள். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 24 கிராம், மொத்தம் 120 கிராம். விலை அதிகம், தட்டுப்பாடும் வரும். ஏற்றும் வேகத்தை மெல்லக் கூட்ட வேண்டும். சிறுநீரகத்தின் நிலையை முன்னரே பார்த்திருக்க வேண்டும். எடையைக் கேட்டு எழுதாமல் எடை போட்டு எழுதுவது, கணக்கைச் சரிபார்த்து மருத்துவரின் கையொப்பத்துக்கு வைப்பது, தலைவலியோ தோல் தடிப்போ வந்தால் ஏற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரை அழைப்பது எல்லாம் பயிற்சி பெற்ற பி.ஏ. செய்யக்கூடியவை. குழாய் செருக வேண்டிய நேரத்தில் சக்சினில்கோலின் என்ற தசைத்தளர்ப்பி இந்நோயாளிக்கு ஆகாது, ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென்று ஏறி இதயம் நிற்கக்கூடும் என்று நினைவிருப்பவர் ஒருவர் பக்கத்தில் கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லது. ஒரே மூச்சில் எண்ணுவது பதினெட்டுக்கு வந்துவிட்டது என்று கண்டுபிடிப்பது பி.ஏ.வின் வேலை, வென்டிலேட்டரில் போடுவதா என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் வேலை செய்தவரின் குரல் இரண்டாமவரின் காதுக்கு நள்ளிரவிலும் எட்ட வேண்டும்.

சட்டம் இந்த எல்லையை எப்படி வரைகிறது? 2021 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற தேசிய இணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம் பத்துப் பிரிவுகளில் தொழில்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்றில் பெர்ஃபியூஷனிஸ்ட், டயாலிசிஸ் தெரபிஸ்ட் ஆகியோரோடு பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரும் இருக்கிறது. இணைநிலைத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, நலவாழ்வுத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு என்று சட்டம் பிரிக்கிறது. மத்தியில் ஆணையமும் மாநிலந்தோறும் கவுன்சிலும் பதிவேடும் வேண்டும் என்கிறது. அதுவரை இந்தியாவில் பி.ஏ. பட்டம் இருந்தது, பி.ஏ.வைப் பதிவு செய்யும் அமைப்பு இல்லை. 2025இல் சில தொழில்களுக்கான பொதுப் பாடத்திட்டம் வெளியானபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

எல்லையின் மறுபக்கத்தைத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் காக்கிறது. பதிவு பெறாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு. ஆகவே, பி.ஏ. தன் பெயரில் மருந்துச் சீட்டு எழுத முடியாது; இறப்புச் சான்றிதழில் கையொப்பமிட முடியாது; சொந்தமாகக் கிளினிக் வைக்க முடியாது. தன்னை டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால் திருத்துவதும் அவர் கடமையே. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் பார்த்து நோயாளி 'டாக்டர்' என்று கூப்பிடுவது இயல்பு. அதற்குப் பேசாமல் தலையாட்டுவதில்தான் தவறு தொடங்குகிறது.

பிரிட்டன் இந்தத் தவறின் விலையை அண்மையில் கண்டது. அங்கே இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த பிசிஷியன் அசோசியேட்டுகள், மருத்துவர் பற்றாக்குறையால் மேற்பார்வை தளர்ந்த இடங்களில், முதன்முதலாக வரும் நோயாளிகளைத் தாமே பார்த்து அனுப்பும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். மருத்துவரையே பார்த்ததாக நம்பிய நோயாளிகள் இருந்தார்கள். பொது மருத்துவக் கவுன்சில் 2024 டிசம்பரில் அவர்களைத் தன் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. இத்தொழிலை ஆராய்ந்து 2025 ஜூலையில் வெளிவந்த லெங் ஆய்வு, பெயரைப் பழையபடி அசிஸ்டென்ட் என்றே மாற்றவும், நோய் இன்னதென்று தெரியாத புது நோயாளியை அவர்களிடம் விடாதிருக்கவும் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் பி.ஏ. சங்கமோ 2021இல் அசோசியேட் என்ற பெயருக்குப் போனது. இந்தியச் சட்டம் அசோசியேட் பக்கம் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பட்டச் சான்றிதழ் அசிஸ்டென்ட் என்கிறது.

கிராமத்தின் கதை தனிக் கதை. மருத்துவர் இல்லாத இடத்துக்கு இந்தியா பி.ஏ.வை அனுப்பவில்லை, வேறு வேறு பெயர்களில் வேறு ஆட்களை அனுப்பிப் பார்த்தது. சத்தீஸ்கர் 2001இல் மூன்றாண்டுப் படிப்பு ஒன்றைத் தொடங்கி, எதிர்ப்பில் சில ஆண்டுகளிலேயே மூடியது. அதில் வெளிவந்தவர்கள் ஊரக மருத்துவ உதவியாளர்களாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தப்பட்டார்கள். இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு, வழக்கமான நோய்களைக் கையாள்வதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல என்று கண்டது. அசாம் ஜோர்ஹாட்டில் இதே போன்ற டிப்ளமோவைத் தொடங்கியது. 2014இல் கௌஹாத்தி உயர் நீதிமன்றம் அதற்கான சட்டத்தைச் செல்லாது என்றது, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரம் மத்திய சட்டத்துக்கு உட்பட்டது, மாநிலம் அதைத் தனியே வகுக்க முடியாது என்பது அதன் சாரம். 2018க்குப் பின், ஆயுஷ்மான் பாரத் நலவாழ்வு மையங்கள் என்ற பெயரில் தொடங்கிய நிலையங்களில், செவிலியர்களும் ஆயுர்வேதப் பட்டதாரிகளும் ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியோடு சமுதாய நல அலுவலர்களாக அமர்த்தப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்ற பெயரில்.

நான்காண்டு மருத்துவப் பாடம் படித்தவர் நகரத் தனியார் மருத்துவமனையின் பைபாஸ் மேசையில் நிற்கிறார்; ஆறு மாதப் பயிற்சி பெற்றவர் கிராமத்துத் துணை நிலையத்தில் தனியே உட்கார்ந்திருக்கிறார். இந்த ஏற்பாட்டில் யாருடைய தவறும் தனியாக இல்லை, ஆனாலும் இது தலைகீழ். வட்டார மருத்துவமனையில் ஒரு மருத்துவரின் கீழ் இரண்டு பி.ஏ.க்கள் என்று பணியிடம் உருவாக்கினால், மேற்பார்வை என்ற நிபந்தனையும் காக்கப்படும், ஓ.பி. கூட்டமும் குறையும். ஓய்வு பெற்ற ராணுவ நர்சிங் அசிஸ்டென்டுக்குப் பணி அனுபவத்தைக் கணக்கில் கொண்டு இப்பட்டப்படிப்பின் இடையில் சேர வழி செய்தால், ஸ்டெட் தொடங்கிய இடத்துக்கே இந்தியாவும் வந்து சேரும். கடக்வாஸ்லா போன்ற ராணுவ ஊர்களைச் சுற்றி அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை.

மாநிலக் கவுன்சில்களும் மருத்துவமனைகளும் செய்ய வேண்டியவை சில எளியவை. பி.ஏ. செய்யலாம் என்று ஒப்படைக்கப்பட்ட வேலைகள் துறைவாரியாக எழுத்தில் இருக்க வேண்டும்; மருத்துவர் பக்கத்தில் நிற்க வேண்டியவை எவை, தொலைபேசியில் கிடைத்தால் போதும் என்பவை எவை என்று அதில் பிரித்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டிலும் மேற்பார்வை மருத்துவரின் பெயர் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். அடையாள அட்டையில் பதவி தமிழிலோ மராத்தியிலோ, அந்த ஊர் மக்கள் வாசிக்கும் எழுத்தில், பெயருக்கு நிகரான அளவில் இருக்க வேண்டும். நோயாளியும் தன் படுக்கையருகே வருபவரிடம் அவர் யார், எந்த மருத்துவரின் கீழ் பணி செய்கிறார் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர்.